கேமரா கேள்விகள்: ஐந்து நட்சத்திரமா, மூன்றா?

போன இதழில், ‘எச்.டி. கேம்கார்டர் வாங்கும் முன் நாலு நிபுணர்களின் விமர்சனத்தைப் படித்துவிடுங்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். நாலும் நாலு விதமாகச் சொல்கிறதே, யாரை நம்புவது என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரு வரியில் செய்த பாவத்துக்கு இந்த முறை பக்கம் முழுக்கப் பரிகாரம்.

கேள்வி: ஒரே கேம்கார்டருக்கு ஒரு பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறது. இன்னொன்று மூன்றுதான் கொடுத்திருக்கிறது. மூன்றாவது நூற்றுக்கு 78 போட்டிருக்கிறது. மூன்றின் நகலையும் இணைத்துள்ளேன். சராசரி எடுத்துக்கொள்ளலாமா? என் மகன் நடிக்கும் மேடை நாடகங்களைப் படம்பிடிப்பதுதான் என் தேவை. — நாடகக்காரப் பையனின் அப்பா

பதில்: சராசரி வேண்டாம் சார். தமிழ் ஆசிரியர் போட்ட 78-ம் கணக்கு ஆசிரியர் போட்ட 78-ம் ஒன்றுதான் என்று எந்தப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாது. ஒருவர் தாராளக் கை. இன்னொருவர் அரை மதிப்பெண் போடுவதற்குள் பேனாவை மூன்று முறை உதறுகிறவர். எடை, வடிவம், கொடுக்கும் காசுக்கு ஏற்ற பொருளா என்பதையெல்லாம் கூட்டி நட்சத்திரம் போடுகிறவரும் உண்டு. படம் எவ்வளவு துல்லியம் என்பதற்கு மட்டும் போடுகிறவரும் உண்டு. இதையெல்லாம் கூட்டி வகுத்தால் கிடைப்பது ஒரு எண், அவ்வளவுதான்.

நான் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். அதில் மதிப்பெண்ணை எழுதவே மாட்டேன். எழுதிய ஆள் என்ன செய்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வேன். எங்கே படம்பிடித்தார், வெளியிலா உள்ளேயா? கையில் பிடித்தா, ட்ரைபாடில் வைத்தா? ஜூமை எவ்வளவு இழுத்தார்? எத்தனை நாள் கையில் இருந்தது? பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட இன்னொரு கேமரா எது? பாதி விமர்சனங்களுக்கு இந்தக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். பெட்டியில் அச்சடித்திருப்பதை முழு வாக்கியமாக்கியதோடு அவர்கள் வேலை முடிந்திருக்கும். அவற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவேன். எஞ்சுவது இரண்டோ மூன்றோதான்.

நீங்கள் அனுப்பிய மூன்றையும் இப்படி எழுதிப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரக்காரர் ஒரு பகல் முழுக்கப் பூங்காவில் சுற்றியிருக்கிறார். வெயிலில் எந்த எச்.டி. கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். 78 போட்டவர், சோதனைக்கூடத்தில் கோடுகள் அச்சிட்ட அட்டையைச் சீரான விளக்கொளியில் படம்பிடித்து அளந்திருக்கிறார். மூன்று நட்சத்திரக்காரர்தான் மாலையில் ஒரு மேசை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு அறைக்குள் எடுத்திருக்கிறார். மூவருமே பொய் சொல்லவில்லை. மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வந்தவர் அந்த மூன்று நட்சத்திரக்காரர்.

அவரும் முழுசாக வந்துவிடவில்லை. இந்த கேம்கார்டரின் லென்ஸ், ஜூம் இழுக்காதபோது எஃப் 1.8. முழு ஜூமில் எஃப் 4. இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும், அதுவும் எண்ணின் வர்க்கக் கணக்கில். 1.8-லிருந்து 4-க்குப் போனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை இருட்டுச் சோதனையை ஜூம் இழுக்காமலே செய்கின்றன. நீங்களோ கடைசி வரிசையில் உட்கார்ந்து பையன் முகம் வரை இழுப்பீர்கள். ஆகவே விமர்சனத்தில் ‘முழு ஜூமில், உள்ளரங்கில்’ என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது பத்து நட்சத்திரத்துக்குச் சமம்.

மேடைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பின்னணி கருப்பு, முகத்தில் மட்டும் விளக்கு. கேமராவின் ஆட்டோ முறை, ‘ஐயோ இருட்டு’ என்று மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கும். பையன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். இதைச் சமாளிக்க, வெளிச்சத்தைக் கையால் குறைக்கும் வசதியோ ஸ்பாட்லைட் என்றொரு காட்சி முறையோ வேண்டும். அது இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தின் நடுவே எத்தனை தட்டில் அதை எட்ட முடிகிறது என்பது அதைவிட முக்கியம். மெனுவுக்குள் நாலு படி இறங்கினால்தான் கிடைக்கும் என்றால் இல்லாததும் ஒன்றுதான். நல்ல விமர்சகர் இதைக் கட்டாயம் எழுதுவார், பெரும்பாலும் எரிச்சலோடு.

கடைசியாக ஒன்று. ஒரு கேமராவைப் பற்றி இருபது பேர் எழுதியதைப் படிப்பதைவிட, ஒரே ஆள் ஐந்து கேமராக்களைப் பற்றி எழுதியதைப் படியுங்கள். அவர் அறை, விளக்கு, கண், கை நடுக்கம் எல்லாம் மாறாமல் இருக்கும். அங்கே மட்டும் அவர் மதிப்பெண்ணை அவர் மதிப்பெண்ணோடு ஒப்பிடலாம்.

கேள்வி: ஒரு பெட்டியில் ‘1 லக்ஸ்’ என்றும் இன்னொன்றில் ‘6 லக்ஸ்’ என்றும் போட்டிருக்கிறது. குறைந்த லக்ஸ் என்றால் இருட்டிலும் நன்றாக எடுக்கும் என்று படித்தேன். ஆனால் ஒப்பிட்டு எழுதிய நிபுணர் 6 லக்ஸ் கேமராதான் மேல் என்கிறார். அவர் தடுமாறிவிட்டாரா? — ஒரு பொறியியல் மாணவி

பதில்: இல்லையம்மா, அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தைப் பிடித்தால் அதன்மேல் விழுவது ஏறத்தாழ 1 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் ‘எடுக்கும்’ என்று பெட்டி சொல்வதன் பொருள், ஏதோ ஒன்று தெரியும் என்பது மட்டுமே. என்ன தரத்தில் தெரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்துகொள்கிறது. ஷட்டரை அரை நொடிவரை திறந்து வைத்து, சிக்னலைக் கெயின் போட்டு ஊதிப் பெரிதாக்கினால் 1 லக்ஸிலும் படம் வரும். மனிதர்கள் நடந்தால் பின்னால் புகை வால் நீளும். சுவரெல்லாம் மணலை வாரி இறைத்தது போல இருக்கும். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஷட்டர் வேகம் போட்டிருப்பார்கள். 1 லக்ஸுக்குப் பக்கத்தில் 1/2 நொடி என்றும் 6 லக்ஸுக்குப் பக்கத்தில் 1/50 நொடி என்றும் இருந்தால் இரண்டையும் ஒப்பிட வழியே இல்லை.

முறையாகச் சோதிக்கிறவர்கள் எதிர்த் திசையில் வருவார்கள். படம் ஒரு குறிப்பிட்ட பிரகாசத்தை எட்டுவதற்கு எவ்வளவு லக்ஸ் வேண்டியிருந்தது என்று அளப்பார்கள். வீடியோவின் பிரகாசத்தை அளக்கும் ஐ.ஆர்.இ. கணக்கில் 50 என்ற அளவை சிலர் வைத்துக்கொள்வதுண்டு. எல்லாக் கேமராவுக்கும் ஒரே ஷட்டர் வேகம். அப்போதுதான் எண்ணுக்கு எண் பொருந்தும்.

இருட்டில் உண்மையாகவே கைகொடுப்பது பெரிய சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. அதன் அளவிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘1 அங்குல சென்சார்’ என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை பிடித்தாலும் 16 மில்லிமீட்டர்தான், அங்குலம் எங்கே? பழைய டிவி கேமராக்களில் படம் வாங்கிய கண்ணாடிக் குழாயின் விட்டத்தை வைத்துப் பெயரிட்ட வழக்கம் அது. குழாய் போய்விட்டது, பெயர் போகவில்லை. எப்படியானாலும் 1/2.3 அங்குலம் எனப்படும் சென்சாரைவிட இதன் பரப்பு சுமார் நான்கு மடங்கு. உங்கள் நிபுணர் சென்சார் அளவைச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்த 6 லக்ஸ் கேமராவில் பெரிய சென்சார் இருக்கும் என்று என் நோட்டின் மேல் பந்தயம் கட்டுகிறேன்.

கேள்வி: பெட்டியில் 92 லட்சம் பிக்சல் என்கிறார்கள். விமர்சனத்தில் 25 லட்சம் என்கிறார்கள். எது பொய்?

பதில்: சென்சாரில் இருப்பது 25 லட்சம். ஸ்டில் போட்டோ எடுக்கும்போது அதை மென்பொருள் இழுத்து 92 லட்சமாக்குகிறது. ரப்பரை இழுத்தால் நீளும், எடை கூடாது. முழு எச்.டி. வீடியோ என்பது 1920-க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்தான். வீடியோவுக்கு 25 லட்சம் போதும். பெட்டியை மறந்துவிடுங்கள்.

கேள்வி: பாடங்களைப் பதிவு செய்ய ஒரு கேம்கார்டர் வாங்கப் போகிறேன். எல்லா விமர்சனங்களும் படத்தைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஒலிக்கு இரண்டு வரிகள்தான். ஒலி அவ்வளவு முக்கியமில்லையா? — ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், அந்த இரண்டு வரியை அலட்சியம் செய்ததற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கேம்கார்டர் வாங்கினேன். ஐந்து விமர்சனங்கள் படித்தேன், ஐந்தும் புகழ்ந்தன. ஒன்றில் மட்டும் கடைசிப் பத்தியில், ‘அமைதியான இடங்களில் மைக்கில் மெல்லிய இரைச்சல் எழுகிறது’ என்று இருந்தது. படித்தேன். தாண்டிப் போய்விட்டேன். என் தங்கை மகளின் பேச்சுப் போட்டிக்கு அந்தக் கேமராவோடு போனேன். அவள் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு பாம்பு தலைதூக்கியது. அவள் மறுபடி பேச ஆரம்பித்ததும் படுத்துக்கொண்டது. கைதட்டல் வந்ததும் ஒலியின் அளவு சடாரென்று இறங்கி, அடுத்த வாக்கியத்தின் முதல் நாலு வார்த்தைகள் கிணற்றுக்குள் போயின. நான்கு நிமிடப் பேச்சு, மூன்றாம் பரிசு. வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டியபோது அவள் கேட்ட முதல் கேள்வி: “மாமா, பக்கத்தில் யாராவது பலூனுக்குக் காற்றடித்தார்களா?”

குறை கேமராவினுடையது மட்டுமில்லை. ஒலி மெல்லியதாக இருந்தால் தானாகவே ஏற்றி, பலமாக இருந்தால் தானாகவே இறக்கும் வேலையை ஏறக்குறைய எல்லா வீட்டுக் கேம்கார்டர்களும் செய்கின்றன. அதைக் கையால் கட்டுப்படுத்த முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. நான் வாங்கியதில் அது கிடையாது. ஹெட்போன் மாட்டும் துளையும் கிடையாது. ஆகவே அங்கே நின்றபோது பாம்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

நீங்கள் பாடம் பதிவு செய்யப் போகிறவர். படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். எனவே விமர்சனத்தைப் பின்னாலிருந்து படியுங்கள். 3.5 மில்லிமீட்டர் மைக் துளை இருக்கிறதா? ஹெட்போன் துளை இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. ஒன்று இருந்து இன்னொன்று இல்லாத மாடல்கள் உண்டு. மேலே மைக்கைப் பொருத்தும் இடம் எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண அளவா, அந்த நிறுவனத்தின் துணைக்கருவிகளுக்கு மட்டும் பொருந்துவதா? ஜூம் மோட்டாரின் ஓசை பதிவில் கேட்கிறதா? இந்த நாலுக்கும் பதில் சொல்லாத விமர்சனம் உங்களுக்குப் பயன்படாது, அதை எழுதியவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் சரி.

கேள்வி: நிறுவனங்கள் இலவசமாகக் கேமரா கொடுத்து எழுதச் சொல்கின்றன, எல்லா விமர்சனமும் விளம்பரம்தான் என்கிறான் என் நண்பன். — சந்தேகப் பேர்வழியின் நண்பன்

பதில்: கால்வாசி சரி. பத்திரிகைகள் சோதிக்கும் கேமராக்களில் பல, நிறுவனம் சில வாரங்களுக்குக் கடனாகக் கொடுத்தவை. கடன் வாங்கியதாலேயே ஒருவர் பொய் எழுதிவிட மாட்டார். ஆனால் அனுப்பும் முன் அவர்கள் நல்லதாகப் பொறுக்கி அனுப்பலாம் என்பதை மனதில் வையுங்கள். அறிமுகமான வாரத்திலேயே வெளிவரும் விமர்சனத்தில், ‘இது உற்பத்திக்கு முந்தைய மாதிரி’ என்று ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் அதன் படத்தரத்தைப் பற்றிய தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, கைக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காசில் வாங்கிச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், சோதிக்கும் பொருள்களைத் தானே விலைகொடுத்து வாங்குகிறது, விளம்பரம் வாங்குவதில்லை. ஜெர்மனியில் 1964-ல் தொடங்கிய ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் அமைப்புக்கும் அதே கொள்கைதான். தன் பெயரைச் சொல்லாமல் கடைக்குப் போய் வாங்கும். இவர்கள் எழுத்தில் சுவாரசியம் குறைவு, அட்டவணை அதிகம். எனக்கு அது பிடிக்கும். அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-ல் தன் வழிகாட்டு விதிகளைத் திருத்தி, பொருளை இலவசமாகப் பெற்று எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. 2024-ல் போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்து தனியாக ஒரு விதியே கொண்டுவந்தது.

உங்கள் நண்பருக்கு ஒரு சோதனை சொல்லுங்கள். விமர்சனத்தில் ஒரு குறையாவது, எந்த இடத்தில், எப்போது என்று குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறதா? ‘பேட்டரி இன்னும் கொஞ்சம் நீடித்திருக்கலாம்’ என்பதெல்லாம் குறையில்லை, மரியாதைக்குச் சொல்வது. ‘இடதுபக்கம் வேகமாகத் திருப்பியபோது கம்பங்கள் சாய்ந்து தெரிந்தன’ என்பது குறை. அந்த ஆள் கேமராவைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: வெளிநாட்டு இதழ் மிகவும் பாராட்டிய கேம்கார்டர் இங்கே அந்தப் பெயரில் விற்பனைக்கே இல்லை. என்ன செய்வது?

பதில்: வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கேனன் நிறுவனம் ஒரே கேம்கார்டரை அமெரிக்காவில் விக்ஸியா என்றும், ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் லெக்ரியா என்றும், ஜப்பானில் ஐவிஸ் என்றும் விற்றது. பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். அதேபோல ஒரே லென்ஸ், ஒரே சென்சாரை வைத்துக்கொண்டு ஒன்றில் உள்நினைவகம், ஒன்றில் குட்டி புரொஜெக்டர் என்று சேர்த்து இரண்டு மூன்று மாடல்களாக விடுவதும் வழக்கமாக இருந்தது. அண்ணனுக்கு எழுதிய விமர்சனத்தின் படத்தரப் பகுதி தம்பிக்கும் பொருந்தும்.

ஒரு விஷயம் மட்டும் பொருந்தாது. அமெரிக்க மாடல் நொடிக்கு 60 அல்லது 30 படங்கள் என்ற கணக்கில் ஓடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் நாடுகளுக்கான மாடல் 50 அல்லது 25. அமெரிக்க மாடலை 50 ஹெர்ட்ஸ் விளக்கின் கீழ் 1/60 ஷட்டரில் ஓட்டினால் படம் படபடவென்று துடிக்கலாம். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைக்க முடிந்தால் அடங்கும். அங்கே உட்கார்ந்து எழுதிய விமர்சகருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது, ஆகவே எழுதியிருக்கவும் மாட்டார்.

கேள்வி: 2005-ல் வந்த எச்.டி.வி. கேமரா ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. அன்றைய விமர்சனங்கள் ஆகா ஓகோ என்கின்றன.

பதில்: அன்றைக்கு ஆகாதான். சிறிய டேப்பில் 1440-க்கு 1080 பிக்சல் பதிவு செய்தது பெரிய விஷயம். ஆனால் ஒரு மணி நேர டேப்பைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதற்குக் கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் என்ற பழைய வகைத் துளை வேண்டும், இன்றைய கணினிகளில் அது இல்லை. அன்றைய விமர்சகர் இதைக் குறையாக எழுதியிருக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் 32 ஜிபி கார்டில் பன்னிரண்டு மணி நேரம் என்கிறார்கள். விமர்சகர் மூன்று மணி நேரம்கூட இல்லை என்கிறார். பேட்டரியிலும் இதே கதை.

பதில்: பெட்டிக்காரர் மிகக் குறைந்த தரத்தில் கணக்குப் போடுகிறார், விமர்சகர் உயர்ந்த தரத்தில். கணக்கை நாமே போடலாம். எச்.டி. வீடியோவைச் சுருக்கிப் பதியும் ஏ.வி.சி.எச்.டி. முறையில் நொடிக்கு 24 மெகாபிட் என்றால் எட்டால் வகுத்து 3 மெகாபைட். மணிக்கு 10.8 ஜிபி. 32 ஜிபியில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. விமர்சகர் சரி. பேட்டரிக்குக் கையேட்டைத் திறந்தால் தொடர்ச்சியான பதிவு, வழக்கமான பதிவு என்று இரண்டு நேரங்கள் இருக்கும். நிறுத்தி, தொடங்கி, ஜூம் இழுத்துப் பயன்படுத்தும் இரண்டாவது நேரம் ஏறக்குறைய முதலாவதில் பாதி. பெட்டியில் போடுவது எதை என்று சொல்லவும் வேண்டுமா?

கேள்வி: நீங்கள் சொன்னபடி நோட்டுப் போட்டுக் கடைசியில் இரண்டு கேம்கார்டர்களில் வந்து நிற்கிறேன். எந்த நிபுணரும் இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. நாணயத்தைச் சுண்டிவிடவா? — நோட்டை மூடிவிட்டவர்

பதில்: சுண்டலாம். அதற்கு முன் கடையில் இரண்டையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டைக்குள் விரல்களை நுழையுங்கள். கட்டைவிரல் பதிவுப் பொத்தானிலும் ஆள்காட்டி விரல் ஜூமிலும் தானாகப் போய் உட்காருகின்றனவா? திரையை மூடித் திறந்து, பதிவு தொடங்கும் வரை மனதுக்குள் எண்ணுங்கள். ஒன்றில் இரண்டு வரும், இன்னொன்றில் ஐந்து வரும். பிறகு ஜூமைக் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் ஒவ்வொன்றையும் பத்து நிமிடமாவது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். எந்தக் கேமராவுக்குக் கை முதலில் வலிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.